நூற்று நாற்பது மரத் துவக்குகள்

பழைய துப்பாக்கியின் குழலுக்கும் அதைத் தாங்கும் மரக்கட்டைக்கும் இடையில் ஒரு தாள் கீலத்தை நுழைத்து, நுனியிலிருந்து அடிவரை இழுத்துப் பார்க்க வேண்டும். எங்காவது சிக்கினால் அந்த இடத்தில் கட்டை குழலைத் தொடுகிறது. நாலைந்து தடவை சுட்டுக் குழல் சூடேறியதும் கட்டை அதை ஒரு பக்கம் தள்ளும், குண்டு குறி தவறிப் போகும். மடுத்தீன் அண்ணை அந்தக் கீலங்களுக்கான தாளை என்னிடம்தான் எடுப்பார். பிரெபெக்சர் என்ற அரச அலுவலகத்துக்கு நிரப்பும்போது எழுத்துப் பிழைத்த படிவங்களை நான் எறிவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து அள்ளிக்கொண்டு போய் இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டி வைத்துக்கொள்வார். யாரோ ஒருவருடைய பிறந்த தேதியும் யாரோ ஒருவருடைய தாயின் பெயரும் உலகப்போர்க் காலத்துத் துப்பாக்கிகளின் வயிற்றுக்குள் போய் வந்தன.

என் மேசை ரூ பிலிப்-து-ஜிரார் என்ற தெருவில், சிவமணி அக்காவின் டெலிபோன் காட் கடைக்குப் பின்னால் இருந்தது. ஊரில் தமிழிலும் இங்கே வந்து பிரெஞ்சிலும் படித்தவன் என்பதுதான் எனக்கிருந்த தகுதி. படிவம் நிரப்புவேன், கடிதம் வாசித்துச் சொல்வேன், அகதித் தஞ்சம் கேட்பவர்களுக்குக் கேஸ் எழுதுவேன். என் பெயர் எந்தத் தாளிலும் வராமல் பார்த்துக்கொள்வேன். கடை வாசலில் யாராவது பிரெஞ்சில் பேசும் குரல் கேட்டால் இன்றைக்கும் மேசையில் உள்ளதை லாச்சிக்குள் தள்ளிவிட்டுத்தான் நிமிர்ந்து பார்ப்பேன்.

2009 ஜனவரியில் மடுத்தீன் அண்ணை முதல்முதலாக அந்த மேசைக்கு வந்தார். முல்லைத்தீவுப் பக்கத்துத் தச்சர், வயது நாற்பத்தெட்டு. மூன்று வருடங்களுக்கு முன் கதவுப் பிணைச்சலும் ஆணியும் வாங்க வவுனியாவுக்கு வந்த இடத்தில், உன் பெயர் இராணுவத்திடம் போயிருக்கிறது என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். திரும்பிப் போகலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த கிழமையில் பாதை பூட்டிவிட்டார்கள். மனைவி கோசலையும் மகன் ஐங்கரனும் இயக்கத்தின் பகுதிக்கு உள்ளே, இவர் வெளியே. கொழும்பில் ஒளிந்து திரிந்து, ஏஜென்சிக்காரன் கைமாற்றிக் கைமாற்றி, கடைசியில் பிரான்சில் எங்கள் ஆட்கள் இருக்கும் லா ஷப்பலில் வந்து இறங்கினார்.

“ஏன் அண்ணை உங்கட பேர் ஆமியிட்டைப் போனது?” என்று கேட்டேன்.

“துவக்கு செய்து குடுத்தனான், தம்பி.”

ஊரில் துப்பாக்கியைத் துவக்கு என்போம். பேனாவை வைத்துவிட்டேன். “என்ன துவக்கு?”

“மரத் துவக்கு. ஊர்ச் சனத்துக்குப் பயிற்சி குடுக்க இயக்கம் செய்விச்சது. முதிரை மரத்திலை செய்தனான். உண்மையானதின்ரை பாரம் இருக்கவேணுமெண்டு உள்ளுக்கை கம்பி இறக்கினனான்.”

“எத்தினை?”

“நூற்றி நாற்பது.”

“அண்ணை, இதை இனி வாய் திறந்து சொல்லாதையுங்கோ. துவக்கு எண்டொரு சொல் உங்கட கேசுக்குள்ளை வந்தால் கேஸ் அவ்வளவுதான்.”

“சுடாத துவக்கு, தம்பி.”

“அவைக்கு அது விளங்காது.”

“அப்ப பொய் எழுதப்போறீரோ?”

“பொய் இல்லை. சிலதை விடுறது.”

அப்படித்தான் எல்லாருக்கும் சொல்வேன். ஆனால் அவருக்கு நான் விட்டது மட்டுமில்லை, வைத்ததும் உண்டு. அவர் உண்மையாகவே பயந்து ஓடிய காரணத்தை எடுத்துவிட்டு, அந்த மாதம் பத்துப் பேருக்கு எழுதிய இராணுவச் சுற்றிவளைப்பையும் அடியையும் அந்த இடத்தில் வைத்தேன். கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: ‘என் வாழ்நாளில் எந்த ஆயுதத்தையும் நான் தொட்டதில்லை, ஆயுதங்களின் மீதுள்ள அச்சமே என்னை நாட்டை விட்டுத் துரத்தியது.’ அதை எழுதும்படி யாரும் கேட்கவில்லை. பிரெஞ்சில் அந்த வரி நன்றாக வந்துவிட்டது, அதனால் விட மனம் வரவில்லை.

நவம்பரில் பத்து வருட அகதிக் கார்ட் கிடைத்தது. அதற்குள் ஊரில் எல்லாம் முடிந்திருந்தது.

மே மாதத்துக்குப் பிறகு இரண்டு மாதம் ஒரு செய்தியும் இல்லை. ஜூலையில் கோசலை அக்கா வவுனியா முகாமிலிருந்து யாருடைய டெலிபோனிலோ பேசினார். சிவமணி அக்கா கடையை அரைவாசி சாத்திவிட்டு, டெலிபோனை மடுத்தீன் அண்ணையிடம் நீட்டினார். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம் என்பதால் ஸ்பீக்கரில் போட்டோம்.

“பிள்ளையைப் பெப்ரவரியிலை பிடிச்சுக்கொண்டு போனாங்கள்.”

“ஆர்?”

“எங்கடையள்தான், இயக்கம். பத்து நாள் பயிற்சி. வேலிக்கு வெளியிலை நிண்டு ரெண்டு தரம் பாத்தனான். உங்கட துவக்குத்தான் கையிலை. நீங்கள் சீவின முதிரையை எனக்குத் தெரியாதோ? உயரம் காணாதெண்டு சின்னதைக் குடுத்திருந்தாங்கள்.”

“பிறகு?”

“பிறகு இல்லை. அதுக்குப் பிறகு நான் பாக்கேல்லை.”

ஐங்கரனுக்கு அப்போது பதினாறு வயது. அப்பன் மடுமாதா பெயரைச் சுமந்தவர், மகனுக்குப் பிள்ளையார் பெயரை வைத்தது சைவக்காரியான தாய். அவனைப் பற்றி அன்றைக்குப் பிறகு இன்றுவரை உயிர் என்றோ உடல் என்றோ ஒரு சொல் வந்ததில்லை.

கோசலை அக்காவைக் கூப்பிட்டுக்கொள்ள மடுத்தீன் அண்ணைக்கு உரிமை இருந்தது. நானே படிவம் எடுத்து வைத்தேன். அக்கா மறுத்துவிட்டார். “அவன் வந்து வீட்டிலை ஒருத்தரும் இல்லையெண்டால் எங்கை போவான்? நான் அசையமாட்டன். நீங்கள் வாங்கோ.” அகதிக் கார்ட் வைத்திருப்பவர் ஓடிவந்த நாட்டுக்குப் போனால் கார்ட் போய்விடும். பிரெஞ்சுப் பாஸ்போட் இருந்தால் போகலாம், ஒரு மாதம் நின்றுவிட்டும் வரலாம். அதனால் மடுத்தீன் அண்ணை இந்த நாட்டிடம் கேட்டது அந்த ஒன்றைத்தான். நசனாலிட்டி, பிரெஞ்சுக் குடியுரிமை. அதுவும் மனைவிக்குப் பக்கத்தில் இருந்து பிள்ளையைத் தேடுவதற்காக.

வேலைக்கு அவரை அனுப்பியதும் நான்தான். செசில் என்றொரு புதுச்சேரிக்காரர் ஞாயிறுகளில் எங்கள் தெருவுக்கு மீன் வாங்க வருவார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் ஆயுதக் கிடங்கில் இருபத்தெட்டு வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். எல்லாரும் அவரை ஐயா என்பதுபோல முசே என்போம்.

“நல்ல மெனுசியே, தச்சரு ஒருத்தரு வேணும் பா. மெஷின் வெச்சு அறுக்கறவன் வேணாம், உளி புடிக்கத் தெரிஞ்ச ஆளு,” என்றார்.

“என்ன வேலை முசே?”

“கட்டை வேல. ஒபர்வில்லியேல நம்ம அத்தெலியே, பட்டறை.”

மேசைக் கட்டையோ கட்டில் கட்டையோ என்று நினைத்துக்கொண்டு அடுத்த திங்கட்கிழமை கூட்டிப்போனேன். உடுப்பு மொத்த விற்பனைக் கிடங்குகளுக்கு நடுவில், பெயர்ப்பலகை இல்லாத ஓர் இரும்புக் கதவு. செசில் இரண்டு பூட்டைத் திறந்து விளக்கைப் போட்டார். சுவர் முழுக்கத் துப்பாக்கிகள்.

மடுத்தீன் அண்ணை வாசற்படியை விட்டு நகரவில்லை. “தம்பி, உமக்கு என்னிலை என்ன கோவம்?” என்று மெதுவாகக் கேட்டார்.

“சத்தியமாய் எனக்குத் தெரியாது அண்ணை.”

“பயப்படாதீங்க,” என்று செசில் சிரித்தார். “எல்லாம் என் வயசு ஆயுதம். சுடறது கிளப்புல, கஸ்டமரு. நம்ம வேல அதுக்கு வேற சட்டை மாட்டி விடறது.”

சட்டை மாட்டுவது என்று அவர் சொன்னது இதைத்தான். படைகள் கழித்துவிட்ட பழைய துப்பாக்கிகள் பெட்டி பெட்டியாக விலைக்கு வரும். அனுமதிப் பத்திரம் வைத்திருக்கும் குறிசுடும் கிளப் ஆட்கள் ஒன்றை வாங்கி, அதற்குப் புதிய உறுப்புகளைத் தேடுவார்கள். மரத்தைக் கழற்றிவிட்டுக் கறுப்புப் பிளாஸ்டிக் கட்டை, தோளில் இடிக்காமல் ரப்பர், மிருதுவான விசை, மேலே தூரநோக்கி பூட்ட ஓர் இரும்புத் தண்டவாளம். இவையெல்லாம் வேறு வேறு நாடுகளில் இன்றைக்குச் செய்யப்படும் உறுப்புகள். எண்பது வருடத்து இரும்பில் ஒன்றும் சொன்னபடி பொருந்தாது. அரை மில்லிமீட்டர் இங்கே சீவ வேண்டும், அங்கே பசை ஊற்றி நிரப்ப வேண்டும். அதற்குத்தான் உளி பிடிக்கத் தெரிந்த கை.

கூட்டிப்போன அன்றே திரும்பிவிடுவார் என்று நினைத்தேன். ஆனால் செசில் ஒரு கட்டையைக் கையில் கொடுத்தார். மடுத்தீன் அண்ணை அதைத் திருப்பினார், நாரைத் தடவினார், முகர்ந்தார். “அக்ரோட்டு மரம். கிறீஸ் குடிச்சிருக்கு. சூடு காட்டினால் கக்கும்,” என்றார். இரண்டு வருடம் உணவகங்களில் கோப்பை கழுவிய கை அது. விட்டுவிட்டு வர அவரால் முடியவில்லை.

அங்கேதான் பிரெஞ்சும் படித்தார். படித்ததெல்லாம் துப்பாக்கிப் பிரெஞ்சு. கட்டைக்குக் கிறோஸ், குழலுக்குக் கனோன், விசைக்கு தெதாந்த். பூசணிக்காய்க்கும் குடைக்கும் சொல் தெரியாது. ஒருநாள் பேக்கரியில் அரைப் பாண் கேட்கத் தெரியாமல், “பகெத், கனோன் கூர்” என்று குட்டைக் குழல் பாண் கேட்டாராம். கடைக்காரி சிரித்துச் சிரித்து அரைப் பாணை வெட்டிக் கொடுத்தாள். அதிலிருந்து அந்தக் கடையில் அவருக்கு ‘கனோன் கூர்’ என்றே பெயர்.

“கடவுள் உங்க கையில மட்டம் வெச்சு அனுப்பிட்டாரு. வாயிலதான் ஒண்ணும் வெக்கல,” என்பார் செசில்.

“வாய் இருந்தவை எல்லாம் என்னத்தைக் கண்டவை, முசே?”

2012 வசந்தத்தில் ஒரு பல் வைத்தியர் பிரித்தானியப் படையின் பழைய ‘முந்நூற்று மூன்று’ ரகத் துப்பாக்கி ஒன்றைக் கொண்டுவந்தார். முழுவதையும் மாற்ற வேண்டும் என்றார். பின்கட்டை, முன்கட்டை, தூரநோக்கி எல்லாம். செசில் வழக்கம்போலப் பின்கட்டையின் ஆழத்தில் இருக்கும் நீண்ட திருகாணியைத் திருப்பப் போனார்.

“முசே, நில்லுங்கோ!” என்று மடுத்தீன் அண்ணை கையைப் பிடித்துவிட்டார். “முதல்லை முன்கட்டையைக் கழற்றுங்கோ. இதைத் திருப்பினால் அது பிளக்கும்.”

செசில் திருப்புளியை வைத்துவிட்டு அவரைப் பார்த்தார். “அட, ஆமா. நான் பிரெஞ்சு மாஸ் துப்பாக்கி ஆளு, மறந்துட்டேன். ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்? இது நம்ம கடைக்கு இப்பத்தானே மொதல்ல வருது.”

அப்போதுதான் மடுத்தீன் அண்ணை சொன்னார். அளவு எடுப்பதற்காக இயக்கத்தின் பொறுப்பாளர் ஒருவர் பழுதடைந்த முந்நூற்று மூன்று ஒன்றை ஒரு நாள் இரவல் கொடுத்திருந்தார். பின்கட்டையை அவசரத்தில் முதலில் கழற்றி, முன்கட்டையைப் பிளந்துவிட்டார் மடுத்தீன் அண்ணை. திட்டு வாங்கி, விடிவதற்குள் முதிரையில் புது முன்கட்டை செதுக்கிப் பூட்டிக் கொடுத்தார். பொறுப்பாளர் தடவிப் பார்த்துவிட்டு, பழையதை விட இது நல்லது என்றாராம். அதற்குப் பிறகுதான் நூற்று நாற்பதுக்கும் கட்டளை வந்தது.

செசிலுக்கு ஒரே சந்தோஷம். “இந்த முந்நூத்தி மூணு, லீ-என்ஃபீல்டு முன்கட்டையை உளியால, ஒரே ராத்திரியிலா? எனக்குத் தெரிஞ்ச பட்டாளத்து ஆளுங்க ஒருத்தனும் செய்ய மாட்டான்! மரத் துப்பாக்கிக்கு ஏன் மூஞ்சியத் தொங்கப் போடறீங்க? எனக்கும் மொத மாசம் மரத்துலதான் குடுத்தானுங்க.”

பல் வைத்தியருக்கு உருக்கில் இரண்டு துளை போட வேண்டியிருந்தது, தூரநோக்கிக்கு. செசில் இரண்டு தடவை தொலைபேசியில் கேட்டார்: “யோசிச்சிட்டீங்களா? ஓட்டை போட்டா போட்டதுதான். அப்புறம் பழசு திரும்ப வேணும்னு வந்து அழக் கூடாது.” போடச் சொன்னார். போட்டார்கள். கழற்றிய மரத்தை மடுத்தீன் அண்ணை துணியில் சுற்றிப் பெயர் எழுதி மேல்தட்டில் வைத்தார். எல்லாருடைய மரமும் அங்கே இருந்தது. ஒன்றையும் அவர் எறிந்ததில்லை.

2014இல் நசனாலிட்டிக்கு விண்ணப்பம் போடத் தொடங்கினோம். பிரெபெக்சர் ஒரு பட்டியல் தரும். எங்கள் ஆட்களுக்கு அந்தப் பட்டியல் போதாது. கேட்டதை மட்டும் கொடுத்தால் எதையோ ஒளிக்கிறோம் என்று நினைப்பார்கள் என்று ஒரு பயம். பாரமான கோப்புக்குத்தான் மரியாதை என்று எல்லாரும் நம்பினோம், நானும் நம்பினேன். கரண்ட் பில், வாடகைத் துண்டு, இரத்ததானம் செய்த சீட்டு, தேவாலயத்தில் கதிரை மேசை திருத்திக் கொடுத்ததற்கு நன்றிக் கடிதம்.

“ஒண்டையும் விடாதையுங்கோ,” என்று சிவமணி அக்கா முன்கடையிலிருந்து சத்தம் போட்டார். “என்ரை கோப்பு ரெண்டரைக் கிலோ. தராசிலை வைச்சுப் பாத்தனான். எனக்கு ஒரு கேள்வியும் கேக்கேல்லை.”

“கேசின்ரை கொப்பியும் வைப்பமோ, தம்பி?” என்று மடுத்தீன் அண்ணை கேட்டார். “நான் ஏன் வந்தனானெண்டு அவையும் அறியட்டும்.”

கேட்டிருந்த பட்டியலில் அது இல்லை. அகதி அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தது அந்த அலுவலகத்தோடு இருக்கும், வேறு யாருக்கும் போகாது என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் 2009இல் நான் எழுதிய கேசுகளிலேயே நன்றாக அமைந்தது அது. “வைப்பம்,” என்றேன்.

செசில் தன் பங்குக்கு ஒரு கடிதம் கொண்டுவந்தார். கெட்டித் தாள் உறை. பின்பக்கம் சிவப்பு அரக்கு வைத்து முத்திரை, முன்பக்கம் பிரெபெக்சரின் தலைவருக்கு, ‘மாண்புமிகு பிரெபே அவர்களுக்கு’ என்று அழகான கையெழுத்து.

“என்ன முசே எழுதினியள்?” என்று கேட்டேன்.

“உண்மைய எழுதினேன். வேற என்னா எழுதுவேன்? பட்டாளத்துல நான் எழுதின கடிதாசியில ஒருத்தனுக்கும் பதவி ஒசராம போனது இல்ல.”

அரக்கு வைத்து மூடியதை உடைத்துப் பார்ப்பது மரியாதை இல்லை என்று அப்படியே கோப்பில் வைத்தோம். நானாவது உடைத்திருக்க வேண்டும். வேறு யாருடைய கடிதமாக இருந்தாலும் உடைத்திருப்பேன்.

நேர்முகம் 2015 ஏப்ரலில். அந்த ஜனவரியில் நடந்த பயங்கரவாதத் தாக்குதல்களுக்குப் பிறகு பிரெபெக்சர் கட்டடத்து வாசலில் ஆயுதம் தாங்கிய படையாட்கள் நின்றார்கள். உள்ளே மொழிபெயர்ப்பாளரை விடமாட்டார்கள். பிரெஞ்சு தெரிகிறதா என்று பார்ப்பதும் அதில் ஒரு பகுதி. நான் எதிரே பஸ் தரிப்பிடத்து வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தேன். நாற்பது நிமிடத்தில் வந்தார். செசில் வாங்கிக் கொடுத்த கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வந்தார்.

“என்ன அண்ணை?”

“முதல்லை அந்த அதிகாரி நல்லாத்தான் கதைச்சவ. தேசிய கீதம் கேட்டா, நதியள் கேட்டா. வேலை என்னெண்டு கேட்டா. சொன்னன். ஒரு நிமிசம் எண்டுபோட்டுக் கோப்பைப் பிரட்டினவ. ரெண்டு பேப்பரை எடுத்துப் பக்கத்திலை பக்கத்திலை வைச்சா. ஒண்டு நீர் எழுதின கேஸ். மற்றது முசேயின்ரை கடிதம்.”

நான் வாங்கில் நகர்ந்து அவரை இருத்தினேன்.

“நீர் எழுதினதிலை, ஆயுதத்தைத் தொட்டதே இல்லையெண்டு இருக்காம். முசேயின்ரையிலை, இந்த மனிசன் தன்ரை நாட்டிலை இராணுவத் துவக்குக்குக் கையாலை கட்டை செய்தவர், நூற்றுக் கணக்கிலை பயிற்சித் துவக்குச் செய்தவர், இப்பிடிக் கைவேலைக்காரர் பிரான்சுக்குத் தேவையெண்டு இருக்காம். எது உண்மையெண்டு கேட்டா.”

“நீங்கள் என்ன சொன்னியள்?”

“முசேயின்ரைதான் எண்டு சொன்னன். அந்த மனிசன் எனக்காகப் பொய் எழுதினதெண்டு நான் எப்பிடிச் சொல்லுறது?”

பஸ் ஒன்று வந்து நின்று, நாங்கள் ஏறாததால் போய்விட்டது.

“பிறகு?”

“எத்தினை எண்டா. நூற்றி நாற்பது எண்டன். எல்லாம் ஒரே அளவோ எண்டா. இல்லை, முப்பது சின்னன் எண்டன்.”

“அண்ணை!”

“அளவைக் கேட்டா, தம்பி. அளவைக் கேட்டால் நான் சரியாத்தானே சொல்லுவன். சின்னன் ஆருக்கு எண்டு கேட்டா.”

“என்ன சொன்னியள்?”

“அதுக்கு எனக்குப் பிரெஞ்சிலை சொல் வரேல்லை.” கழற்றிய கோட்டை மடித்து மடியில் வைத்தார். “தமிழிலையும் வரேல்லை.”

அன்று மாலை ஒபர்வில்லியேக்குப் போய் நான் செசிலிடம் விஷயத்தைச் சொன்னேன். கையிலிருந்த விசையின் சுருள்வில்லைக் கீழே போட்டுவிட்டு, அதைத் தேடுவதுபோலக் கனநேரம் மேசைக்கடியில் குனிந்திருந்தார். “நல்லதுதானே எழுதினேன்,” என்றார். நிமிர்ந்தபோது முகம் சிவந்திருந்தது. “அந்த மொதக் கடிதாசியில அப்பிடி எழுதி இருக்குன்னு எனக்கு யாருமே சொல்லலியே? எந்த முட்டாப்பய எழுதினான் அத?”

மடுத்தீன் அண்ணை குழலுக்கடியில் கீலத்தை விட்டு இழுத்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை. “ஆரோ லா ஷப்பல்லை, முசே. இப்ப ஆள் இல்லை,” என்றார்.

கடிதம் 2016 பெப்ரவரியில் வந்தது. என் மேசையில் வைத்து நான்தான் வாசித்துச் சொன்னேன். ஆயுத அமைப்பு ஒன்றுக்கு உதவியவர், அதை மறைத்துத் தஞ்சம் பெற்றவர், விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. நிராகரிப்பை விட ‘மறைத்து’ என்ற சொல்தான் என்னைத் தூங்கவிடவில்லை. அதை அகதி அலுவலகத்துக்கும் எழுதியிருப்பார்களா, கார்ட்டில் கை வைப்பார்களா, 2019 நவம்பரில் கார்ட் புதுப்பிக்கப் போகும்போது என்ன கேட்பார்கள்? செசில் தன் பதக்கங்களின் பிரதிகளோடு அமைச்சுக்கு மூன்று கடிதம் எழுதினார். இந்த முறை உறையை ஒட்டாமல் என்னிடம் காட்டினார். ஒன்றுக்கும் பதில் வரவில்லை. அவருடைய சொல்லுக்கு ஒருவரும் பதில் எழுதாமல் விட்டது அவர் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவையாக இருக்கும். அதற்குப் பிறகு கடையில் அவர் சத்தமாகச் சிரித்து நான் கேட்கவில்லை.

அடுத்த வருட வசந்தத்தில் பல் வைத்தியர் வந்தார். பழைய மரத்தோடு இருக்கும் முந்நூற்று மூன்றுகளைத்தான் இப்போது எல்லாரும் தேடுகிறார்களாம், தன்னுடையதைப் பழையபடி ஆக்கித்தர முடியுமா என்று கேட்டார். மடுத்தீன் அண்ணை மேல்தட்டில் துணியை அவிழ்த்து அவருடைய மரத்தை எடுத்தார். ஒரே நாளில் எல்லாவற்றையும் திரும்பப் பூட்டினார். உருக்கில் போட்ட இரண்டு துளைக்கும் தலையில்லாத திருகாணி இறக்கி, அரத்தால் மட்டமாக ராவி, கறுப்பேற்றும் மருந்து பூசினார். செசில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விளக்கடியில் சாய்த்துப் பார்த்தார்.

“தெரியுது,” என்றார்.

“ஓம் முசே. தெரியும்.”

அந்தக் கிழமை ஞாயிற்றுக்கிழமை மடுத்தீன் அண்ணை என் மேசைக்கு வந்தபோது சிவமணி அக்கா தன் டெலிபோனில் ஒரு வீடியோவைக் காட்டினார். கிளிநொச்சியில் வீதியோரக் கொட்டகைக்குள் காணாமல் போன பிள்ளைகளின் படங்களோடு தாய்மார் இருக்கிறார்கள். கமரா வரிசையாகப் போகிறது. நாலாவதோ ஐந்தாவதோ ஆளாகக் கோசலை அக்கா. மடியில் பள்ளிக்கூட அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பித்த மட்டை. நாலு நொடி இருக்கும், அதற்குள் கமரா அடுத்த ஆளுக்குப் போய்விட்டது. மடுத்தீன் அண்ணை அதை எத்தனை தடவை திரும்பப் போடச் சொன்னார் என்று நான் எண்ணவில்லை.

“மெலிஞ்சு போனா,” என்றார்.

பிறகு வழக்கம்போல அவரே எண்ணை அழுத்தினார், ஸ்பீக்கரில்.

“இஞ்சேருங்கோ, முடிவு வந்ததோ?” என்று கோசலை அக்கா எடுத்தவுடனே கேட்டார்.

“இன்னும் வரேல்லை.”

நிராகரிப்பு வந்து பதின்மூன்று மாதம் ஆகியிருந்தது. ஒவ்வொரு ஞாயிறும் அக்கா கேட்பார், ஒவ்வொரு ஞாயிறும் இவர் இதையே சொல்வார். சிவமணி அக்கா தலையைத் திருப்பிக்கொண்டு ஏற்கெனவே அடுக்கியிருந்த டெலிபோன் காட்டுகளைத் திரும்ப அடுக்குவார்.

“உங்கை கனக்க ஆக்களுக்கு ரெண்டு வருசத்திலை வந்திடுதாமே. உங்களுக்கு மட்டும் என்ன?”

“என்ரை கோப்பு பெரிசு. பாக்க நேரம் எடுக்கும்.”

“அதுவும் சரிதான். மெல்ல வரட்டும். நீங்கள் வந்தால் என்னோடை ஒரு நாள் கொட்டிலிலை வந்து இருக்கவேணும். எல்லாரும் தகப்பன் எங்கையெண்டு கேக்கினம்.”

“இருக்கிறன்.”

“பிள்ளையின்ரை படத்தை நீங்களும் ஒருக்காப் பிடிக்கவேணும்.”

மடுத்தீன் அண்ணை டெலிபோனை என்னிடம் நீட்டினார். “அக்கா, லைன் சரியில்லை” என்று சொல்லி வைத்தேன். லைன் நன்றாகத்தான் இருந்தது.

பழுதான படிவங்களை எடுக்க அவர் மேசைக்கு வந்தார். அந்தக் கிழமை பத்துப் பன்னிரண்டு சேர்ந்திருந்தன. அவற்றைத் தட்டி ஒழுங்காக்கிக் கொண்டே கேட்டார்:

“தம்பி, திரும்பப் போடலாமெண்டு சொன்னீரல்லே.”

“ஓம் அண்ணை. போடலாம். தடையில்லை.”

“புதுக் கோப்பு. கேட்டதை மட்டும் வைப்பம். கேஸும் வேண்டாம், முசேயின்ரையும் வேண்டாம்.”

“ஓம்.”

“அப்ப அந்தப் பழைய ரெண்டு பேப்பரும்?”

பொய் சொல்ல எனக்கு நன்றாக வரும். அதுதான் என் பிழைப்பு. வாசலில் யாரோ பிரெஞ்சில் விலை கேட்டார்கள். கை தானாக லாச்சிக்குப் போய் நின்றது.

“அவையிட்டை இருக்கும், அண்ணை.”

“எடுக்கேலாதோ?”

“எடுக்கேலாது.”

தலையை ஆட்டினார். படிவங்களை இரண்டாக மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு, மெத்ரோ பக்கமாக நடந்து போனார். அடுத்த நாள் திங்கள். ஒபர்வில்லியேயில் ஐந்து துப்பாக்கிகள் கட்டைக்காகக் காத்திருந்தன.